அழுகை அடங்கிய தொட்டில்கள்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. கேட்டுப் பெறத் தெரியாதவரைச் சுட்டவே இன்று நாம் இதனைப் பெரிதும் கையாளுகிறோம். ஆயினும் அப்பழமொழியின் அடியில் வேறோர் உண்மையும் உறைந்து கிடக்கிறது. அழுகின்ற பிள்ளை, யாரோ ஒருவர் தன்னை நாடி வருவார் என்று நம்புகின்ற பிள்ளை. அழுகையை மறந்துவிட்ட பிள்ளையோ, எவரும் வரப்போவதில்லை என்று கற்றுக்கொண்ட பிள்ளை. எழுத்தறியாத் தாய்மாரும் அறிந்திருந்த இவ்வுண்மையை மருத்துவமும் உளவியலும் ஏற்றுக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் எண்ணற்ற தொட்டில்கள் ஓசையின்றி ஓய்ந்துபோயின. அவ்வரலாற்றை இங்கே சற்றுத் திரும்பிப் பார்ப்போம். இதில் வரும் மாந்தருள் பெரும்பாலோர் நல்லவர்கள். குழந்தைகளைக் காக்க விழைந்தவர்கள். நம்மைக் கலங்கச் செய்வதும் அதுவே.

பேரரசரின் வினா

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியின் பார்மா நகரில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி சலிம்பேனே, தம் காலக்குறிப்பு நூலில் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்துள்ளார். பேரரசர் இரண்டாம் பிரடெரிக்குக்கு ஓர் ஐயம் எழுந்ததாம். எந்த மொழியையும் கேளாமல் வளரும் குழந்தை முதன்முதலாக எம்மொழியில் பேசும்? எபிரேயமா, கிரேக்கமா, இலத்தீனா, அரபியா, அல்லது தன்னைப் பெற்றவர்களின் மொழியா? இதனை அறிய அவர் சில பச்சிளங் குழந்தைகளைச் செவிலியரிடம் ஒப்படைத்தார். பாலூட்டலாம், நீராட்டலாம், ஆனால் பேசவோ கொஞ்சவோ கூடாது என்பது கட்டளை. பேரரசரின் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. குழந்தைகள் அனைவரும் இறந்துபோயினர். கைதட்டலும் முகமலர்ச்சியும் கொஞ்சுமொழியும் இன்றி அவர்களால் உயிர்வாழ இயலவில்லை என்று சலிம்பேனே காரணம் கூறுகிறார்.

சலிம்பேனே பேரரசரை வெறுத்தவர். ஆகவே இக்கதையை வரலாற்று அறிஞர்கள் தயக்கத்துடனேயே நோக்குகின்றனர். நிகழ்ச்சி உண்மையாயினும் அன்றாயினும், அதற்கு அவர் கண்ட காரணம் வியப்புக்குரியது. பாலும் நீரும் மட்டும் ஒரு குழந்தையை வாழவைக்கப் போதா என்பதை அத்துறவி எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவிட்டார். அறிவியல் அவ்விடத்தை வந்தடையச் சுற்றுவழி ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது.

இரக்கத்தின் இல்லங்கள்

கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஐரோப்பாவில் இல்லங்கள் எழுந்தது இரக்கத்தினால்தான். புளோரன்ஸ் நகரில் புருனெலெஸ்கி வரைந்த திட்டப்படி 1419ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய மாசற்ற குழந்தைகளின் இல்லம், 1445ஆம் ஆண்டு தன் முதற்குழந்தையை ஏற்றது. பாரிசில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தெ மரியாக்கும் 1638ஆம் ஆண்டு முதல் தெருவோரக் குழந்தைகளை ஏற்று வளர்க்கும் பணியில் இறங்கினர். இலண்டனில், தெருவில் கிடந்து மடியும் குழந்தைகளைக் காணப் பொறாத கப்பற்றலைவர் தாமஸ் கோரம் ஆண்டுக்கணக்கில் வாயில்தோறும் அலைந்து, 1739ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்று ஓர் இல்லம் நிறுவினார்.

புளோரன்சிலும் இலண்டனிலும் குழந்தையை விட்டுச்சென்ற தாய்மார் சிலர் அதனுடன் ஓர் அடையாளத்தையும் வைத்துச் சென்றனர். பாதியாக உடைத்த நாணயம், வெட்டியெடுத்த துணித்துண்டு, சிறு பதக்கம் என அவை பலவகை. மறுபாதி தாயிடம் இருக்கும். என்றேனும் ஒருநாள் மீண்டு வந்து, இரு பாதிகளையும் பொருத்திக் காட்டித் தன் பிள்ளையைப் பெற்றுச் செல்லலாம் என்ற நம்பிக்கை. இலண்டனில் எஞ்சிய அடையாளங்கள் இன்றும் காட்சிக்கு உள்ளன. அங்கே அவை கிடப்பதே, பெரும்பாலான தாய்மார் திரும்பி வரவில்லை என்பதற்குச் சான்று.

இலண்டன் இல்லத்தின் நடைமுறை ஒன்று நம் சிந்தனைக்குரியது. ஏற்றுக்கொண்ட குழந்தைகளை நாட்டுப்புறத்துச் செவிலித்தாயரிடம் அனுப்பி வளர்த்தார்கள். ஏறத்தாழ ஐந்து வயதானதும் மீண்டும் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். குழந்தையைப் பொறுத்தவரை அச்செவிலியே தாய், அக்குடிசையே வீடு. நம் அகப்பாடல் மரபு நற்றாய் என்றும் செவிலித்தாய் என்றும் இருவரைக் காட்டி, மகள் பிரிந்தபோது இருவரையும் புலம்ப வைக்கிறது. பெற்றதனால் மட்டும் தாய்மை அமைவதில்லை என்ற தெளிவு அதில் உண்டு. இலண்டனின் நல்லோர்க்கு அத்தெளிவு இருக்கவில்லை. ஒருமுறை தாயை இழந்த குழந்தை, ஐந்து வயதில் இன்னொரு முறையும் தாயை இழந்தது. அவ்விழப்பைப் பதிவேடுகள் இழப்பாகக் குறிக்கவில்லை.

'தொடாதே' என்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு பெருகியது. அதனால் விளைந்த நன்மைகள் அளவிலடங்கா. ஆனால் கிருமிக்கு அஞ்சியவர்கள் மனிதக் கைக்கும் அஞ்சத் தலைப்பட்டனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி சேப்பின் 1915ஆம் ஆண்டு அந்நாட்டின் பத்துக் குழந்தை இல்லங்களைப் பற்றி அறிக்கை அளித்தார். ஒன்றைத் தவிர ஏனைய அனைத்திலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒருவர் விடாமல் இறந்திருந்தனர். தொற்றைத் தடுக்க மேலும் மேலும் தனிமைப்படுத்துவதே இதற்குத் தீர்வெனப் பலரும் கருதினர்.

வீடுகளுக்குள்ளும் அக்குரல் புகுந்தது. அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சன் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளை அணைக்கவும் முத்தமிடவும் வேண்டா என்றும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றும் அறிவுரை கூறினார். பாசம் பிள்ளையைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. அறிவியலின் பெயரால் வந்த சொல்லாதலால் கற்ற தாய்மார் பலர் அதற்குச் செவிசாய்த்தனர். பிள்ளை அழும்போது தூக்கத் துடித்த தம் கைகளைக் குற்றமுடையவை எனக் கருதிக் கட்டுப்படுத்திக்கொண்டனர்.

இதற்கு எதிராக எழுந்த முதற் குரல்களுள் ஒன்று நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்குக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பை ஏற்ற மருத்துவர் ஹாரி பேக்வின், கைகளைக் கழுவச் சொல்லி எச்சரித்த பலகைகளை அகற்றினார். ஒரு குழந்தையையாவது தூக்காமல் இவ்வறைக்குள் நுழையாதீர் என்னும் பொருள்பட வேறு பலகைகளை மாட்டினார். குழந்தைகளின் தனிமையைப் பற்றி அவர் 1942ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை, தனிமை என்பது முதியோர்க்கு மட்டும் உரிய துயரன்று என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது.

இரண்டு இல்லங்கள்

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரெனே ஸ்பிட்ஸ், 1945ஆம் ஆண்டு இரண்டு இல்லங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று கைவிடப்பட்டோர் இல்லம். உணவும் மருத்துவமும் தூய்மையும் அங்குக் குறைவற இருந்தன. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலியே இருந்தார். தொட்டிற் கம்பிகளின்மேல் துணிகளைத் தொங்கவிட்டிருந்ததால் குழந்தைகள் விட்டத்தைத் தவிர வேறெதையும் காண இயலவில்லை. மற்றொன்று பெண்கள் சிறைச்சாலையின் மழலையர் பகுதி. அங்குக் குற்றம் புரிந்து தண்டனை பெற்ற இளந்தாய்மாரே தம் பிள்ளைகளைத் தூக்கி, ஊட்டி, விளையாடி வளர்த்தனர்.

சிறையில் பிறந்த பிள்ளைகள் தவழ்ந்தனர், நடந்தனர், பேசினர். அவர்களுள் எவரும் இறக்கவில்லை. கைவிடப்பட்டோர் இல்லத்திலோ, 91 குழந்தைகளுள் 34 பேர் இரண்டாண்டுகளுக்குள் இறந்துவிட்டதாக ஸ்பிட்ஸ் 1946ஆம் ஆண்டு அறிவித்தார். அவருடைய ஆய்வுமுறையில் குறைகள் உண்டென்று பின்வந்தோர் சுட்டியுள்ளனர். அது நேர்மையான திறனாய்வே. எனினும் அவர் படம்பிடித்த குழந்தைகளின் முகங்களை எவராலும் மறுக்க இயலவில்லை. முதலில் அழுதார்கள், பின்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இறுதியில் வெறித்த விழிகளோடு அசையாது கிடந்தார்கள்.

செவிலியை இழந்த சிறுவன்

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் ஜான் பவுல்பி. 1907ஆம் ஆண்டு இலண்டனில், அரச குடும்பத்துக்கு மருத்துவம் பார்த்த அறுவை மருத்துவரின் மகனாகப் பிறந்தார். அக்கால உயர்குடி வழக்கப்படி, பிள்ளைகள் தாயைக் காண்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அச்சிறுவனைத் தூக்கி வளர்த்தவர் ஓர் இளஞ்செவிலி. அவனுக்கு நான்கு வயதாகும்போது அச்செவிலி வேலையை விட்டுச் சென்றுவிட்டார். அப்பிரிவின் வலி அவருள் ஆறாமல் தங்கியது. பிள்ளைகளின் பிரிவுத்துயரை அவர் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டதில் வியப்பில்லை.

மருத்துவராகிய பவுல்பி, திருட்டுப் பழக்கத்துக்கு ஆளாகி மருத்துவ மையத்துக்கு வந்த 44 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 1944ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர்களுள் 14 பேர் எவர்மீதும் அன்போ குற்றவுணர்வோ அற்றவராகக் காணப்பட்டனர். அந்த 14 பேருள் 12 பேர், மழலைப் பருவத்தில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். எஞ்சிய 30 பேருள் அவ்வாறு பிரிந்திருந்தோர் ஐவரே.

இதற்கிடையே 1939ஆம் ஆண்டு போர் மூண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நகரங்களிலிருந்து குழந்தைகள் பெருந்தொகையாக நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது ஆபத்தானதென்று அவ்வாண்டு டிசம்பரிலேயே பவுல்பியும், வின்னிகாட், மில்லர் ஆகிய மருத்துவர்களும் மருத்துவ இதழில் எச்சரித்தனர். போர் முடிந்தபின் வீடற்ற குழந்தைகளின் நிலையை ஆராயுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் பவுல்பியைப் பணித்தது. 1951ஆம் ஆண்டு வெளியான அவ்வறிக்கையின் சாரம் இதுதான்: குழந்தையின் மனநலத்துக்குத் தாயுடனோ, தாய்போல் நிலையாக இருந்து வளர்ப்பவருடனோ இடையறாத, இருவர்க்கும் மகிழ்வூட்டுகின்ற உறவு இன்றியமையாதது. உடலுக்கு உயிர்ச்சத்து எவ்வாறோ, உள்ளத்துக்கு அவ்வுறவு அவ்வாறு.

பால் தருவதனால்தான் குழந்தை தாயை நாடுகிறது என்ற பழைய விளக்கத்தையும் பவுல்பி ஏற்கவில்லை. அணைப்பை நாடுவது பசியைப் போலவே பிறப்போடு வந்த தேவை என்றார். 1958ஆம் ஆண்டு ஹாரி ஹார்லோ வெளியிட்ட குரங்கு ஆய்வுகள் இதற்கு வலுவூட்டின. பால் தந்த கம்பிப் பொம்மையைவிட, பால் தராத துணிப் பொம்மையையே குரங்குக் குட்டிகள் நாளெல்லாம் கட்டிக்கொண்டிருந்தன. அக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தே அவ்வுண்மை பெறப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. தமிழில் 'பாசம்' என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதும் பொருள். பவுல்பி ஆங்கிலத்தில் மூன்று பெருந்தொகுதிகளாக எழுதிய கருத்தின் கரு நம் ஒற்றைச் சொல்லுக்குள் பொதிந்திருப்பதை எண்ணி மகிழலாம்.

லாராவின் எட்டு நாள்கள்

பவுல்பியின் கருத்துகளை ஏட்டிலிருந்து நோயாளிகளின் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். கிளாஸ்கோ அருகே உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனுக்குக் கரியிட்டவர். கரியிட்டவாறே குழந்தைகளைக் கூர்ந்து நோக்கவும் கற்றுக்கொண்டார்.

அந்நாள்களில் இலண்டன் மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளைகளைக் காண வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே இசைவு. ஒரு பெரிய மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும் பார்வை இல்லை. பிள்ளை உறங்கும்போது மட்டும் பெற்றோர் வந்து பார்த்துச் செல்லலாம். பெற்றோர் வந்து சென்றால் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் சில நாள்களில் அமைதியடைந்து நல்ல பிள்ளையாகிவிடுகிறது என்பதே செவிலியர் கூறிய காரணம். அவர்கள் கூறியது பொய்யன்று. பிள்ளைகள் அமைதியடைந்தது மெய்யே. அவ்வமைதியின் பொருளைத்தான் எவரும் கேட்கவில்லை.

ராபர்ட்சன் கேட்டார். முதலில் எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கையிழப்பு, இறுதியில் பற்றறுத்தல் என மூன்று படிகளை அவர் கண்டார். செவிலியர் 'நல்ல பிள்ளை' என்றது பின்னிரண்டு படிகளில் நின்ற பிள்ளையைத்தான். சொல்லிப் பயனில்லை என்றுணர்ந்து, கையடக்கப் படக்கருவி ஒன்றைக் கொண்டு 1952ஆம் ஆண்டு அவரே ஒரு படம் எடுத்தார். லாரா என்ற பெயரால் அறியப்பட்ட இரண்டரை வயதுச் சிறுமி, சிறிய அறுவை மருத்துவத்துக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்குகிறாள். அவள் கூச்சலிடுவதில்லை. தன் கரடிப் பொம்மையை அணைத்துக்கொண்டு அழுகையை அடக்குகிறாள். விளையாட்டின் நடுவே திடீரென அம்மா எங்கே என்று கேட்கிறாள். எட்டாம் நாள் வீடு செல்லும்போது தன் உடைமைகளையெல்லாம் சேர்த்தெடுத்துக்கொள்கிறாள். தாயின் கையை மட்டும் பற்ற மறுக்கிறாள்.

இலண்டனில் மருத்துவர் அவையில் இப்படம் திரையிடப்பட்டபோது கடுஞ்சினம் எழுந்தது. மருத்துவத் தொழிலை இழிவுபடுத்துவதாகச் சாடினர். ஆயினும் உண்மை மெல்லத் தன் வழியைத் தேடிக்கொண்டது. 1959ஆம் ஆண்டு சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர்க்குப் பார்வை நேரக் கட்டுப்பாடு கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடன் தாய் தங்க வழிசெய்ய வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. பரிந்துரையைச் செயலாக்க 1961ஆம் ஆண்டு முதல் இலண்டன் தாய்மாரே சங்கம் அமைத்துப் பல்லாண்டு போராட நேர்ந்தது.

அமைதிக்குள் துடித்த இதயம்

பவுல்பியுடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், 1954ஆம் ஆண்டு உகாண்டாவின் கம்பாலா நகரருகே சிற்றூர்களுக்குச் சென்று, 26 குடும்பங்களை வீட்டில் அமர்ந்தே நோக்கினார். தம் பிள்ளையைப் பற்றிக் கேட்டவுடன் அதன் சிரிப்பு, பழக்கம், விருப்பு வெறுப்பு அனைத்தையும் நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த தாய்மாரின் பிள்ளைகளே உறவில் உறுதியுடன் இருந்ததைக் கண்டார். பிள்ளையை உற்று நோக்கும் கண்ணே பாசத்தின் வேர் என்பது அதன் பொருள்.

பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் ஓர் எளிய சோதனையை வகுத்தார். ஏறத்தாழ ஓராண்டு நிறைந்த குழந்தையை விட்டுத் தாய் சில நிமிடம் வெளியே சென்று திரும்புவார். பெரும்பாலான குழந்தைகள் அழுது, தாய் வந்ததும் ஓடி அணைத்து, ஆறுதலடைந்து விளையாடச் சென்றன. சில, தாயைப் பற்றிக்கொண்டும் ஆறுதலடையாமல் சினந்தன. இன்னும் சிலவோ அழவே இல்லை. தாய் திரும்பியபோதும் பொருட்படுத்தவில்லை. பார்ப்போர்க்கு இவையே துணிவுமிக்க குழந்தைகளாகத் தோன்றும். ஆனால் 1977ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அக்குழந்தைகளின் இதயத்துடிப்பு அவ்வேளையில் விரைவுற்றதைக் காட்டியது. முகம் அமைதி காத்தது, நெஞ்சோ அழுதுகொண்டிருந்தது.

சுமையைத் தாயின்மேல் ஏற்றலாமா?

பவுல்பியின் கருத்துகள் விமர்சனத்துக்கும் உள்ளாயின. தாய் வேலைக்குச் சென்றாலே பிள்ளை கெட்டுவிடும் என்று சிலர் அவற்றைத் திரித்துக் கூறினர். குழந்தைகள் பலர் கைகளிலும் வளரும் பண்பாடுகளை மானிடவியலார் மார்கரெட் மீட் நினைவூட்டினார். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டு ஷாபரும் எமர்சனும் வெளியிட்ட முடிவின்படி, பதினெட்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் தந்தை, பாட்டி, உடன்பிறந்தோர் எனப் பலரிடம் பாசம் கொள்கின்றன. 1972ஆம் ஆண்டு மைக்கேல் ரட்டர், சிறு பிரிவும் முற்றான இழப்பும் ஒன்றல்ல என்றும், என்றுமே ஓர் உறவு அமையாத குழந்தையின் நிலையே மிகக் கொடிதென்றும் தெளிவுபடுத்தினார். இத்திருத்தங்களால் கொள்கை வலுவிழக்கவில்லை, நேரியதாயிற்று. குழந்தைக்கு வேண்டுவது தன்னை அறிந்த, மாறாது வருகின்ற ஒருசில முகங்கள். அம்முகங்களை அளிக்கும் கடமை தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும் சுற்றத்துக்கும் சமூகத்துக்கும் உண்டு.

மீண்டும் அதே அமைதி

இவ்வளவும் அறிந்த பின்னரும் வரலாறு தன்னைத் திரும்ப நிகழ்த்திக் காட்டியது. ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு மக்கள்தொகையைப் பெருக்க 1966ஆம் ஆண்டு கருக்கலைப்பைத் தடைசெய்து, குடும்பங்களைப் பிள்ளை பெற வற்புறுத்தியது. வறுமையில் வளர்க்க இயலாத பிள்ளைகளை அரசு இல்லங்களே வளர்க்கும் என்றது. 1989ஆம் ஆண்டு அவ்வரசு வீழ்ந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வில்லங்களில் இருந்தனர். உள்ளே நுழைந்தோரைத் திகைக்க வைத்தது, அத்தனை தொட்டில்களிடையே நிலவிய அமைதி.

2000ஆம் ஆண்டையொட்டி புக்கரெஸ்ட் நகரில் நெல்சன், பாக்ஸ், சீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியினர்க்கு வளர்ப்புக் குடும்பங்கள் ஏற்படுத்தித் தரப்பட்டன. குடும்பம் பெற்றவர்கள் அறிவிலும் உறவிலும் முன்னேறினர். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் பெற்றவர்களே மிகுதியாக நலமடைந்தனர். அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், பெரிதும் ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது.

சலிம்பேனே முதல் புக்கரெஸ்ட் வரை நாம் கண்ட இவ்வரலாறு நம்மிடம் ஒரு வினாவை விட்டுச் செல்கிறது. பிள்ளைகளின் இல்லங்களுக்கு விருந்தினராகச் சென்ற நாள்களை நினைத்துப் பார்க்கிறோம். வரிசையாக அமர்ந்து, கைகட்டி, ஓசையின்றி நம்மை நோக்கிய சின்னஞ்சிறார்களைக் கண்டு, எத்துணை அடக்கமான பிள்ளைகள் என்று எத்தனை முறை பாராட்டியிருப்போம்! பொறுப்பாளரின் முகத்தில் பெருமிதம் தோன்ற, நாமும் மனநிறைவோடு திரும்பியிருப்போம். அவ்வமைதி நிறைவின் அமைதியா, நம்பிக்கை வற்றியதன் அமைதியா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

இலண்டன் தாய்மார் விட்டுச்சென்ற பாதி நாணயங்களை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். ஒவ்வொரு குழந்தையும் தன் கையில் ஒரு பாதியோடுதான் பிறக்கிறது. மறுபாதியைத் தேடியே அழுகிறது. இனி ஒரு தொட்டிலில் அழுகை கேட்டால் முகஞ்சுளிக்காதிருப்போம். அங்கே ஒரு குழந்தை இன்னும் நம்மை நம்பிக்கொண்டிருக்கிறது. அழுகையே எழாத தொட்டிலருகே சற்று நேரம் கூடுதலாக நிற்போம்.